அயனிசாரா சர்ஃபேக்டன்ட் இறக்குமதி: ஆய்வக அறிக்கையில் சோதனை அளவுகளைப் பதியக் கோரி மனு

அனுப்புநர்:
சாயப்பட்டறை, தோல் பதனிடும் தொழில்களுக்கான ரசாயன இறக்குமதியாளர்கள்,
தமிழ்நாடு.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம்,
புது தில்லி.

பொருள்: கொழுப்பு ஆல்கஹால் எத்தாக்சிலேட்டுகள் என்னும் அயனிசாரா (நீரில் மின்னூட்டம் பெறாத) சர்ஃபேக்டன்ட்டுகளை, அதாவது நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்களை, அவற்றுக்குரிய சுங்கத் தலைப்பு 3402-இல் வகைப்படுத்துதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இந்தச் சரக்கை 3402.42 (அயனிசாரா சர்ஃபேக்டன்ட்) என்று அறிவித்துத்தான் பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்கான இறக்குமதி அறிவிப்பு) போடுகிறோம். சாம்பிள் ஆய்வகத்துக்குப் போனபின், "பாலிஈத்தர் வகை" என்ற ஒற்றை வரியுடன் அறிக்கை வருகிறது. சரக்கு 3907-க்கு, அதாவது பிளாஸ்டிக்குகளுக்கான 39-ஆம் அத்தியாயத்தில் பாலிஈத்தர்கள் வரும் தலைப்புக்கு, மாற்றப்படுகிறது. சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் மூலச் சான்றிதழில் உள்ள தலைப்பு எண் அதன்பின் ஒத்துப்போகாததால் ஆசியான் ஒப்பந்த வரிச்சலுகையும் சிக்கலாகிறது.

சுங்க வரி அட்டவணையில், 3402 அடங்கிய 34-ஆம் அத்தியாயத்தின் 3-ஆம் குறிப்பு சோதனையை வரையறுத்தே வைத்திருக்கிறது. 0.5 விழுக்காடு கரைசலை 20 டிகிரி செல்சியஸில் 1 மணி நேரம் வைத்தால், கரையாத பொருள் பிரியாமல் தெளிவாகவோ நிலையான பால்மமாகவோ நிற்கவேண்டும். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.045 நியூட்டனுக்கு மேல் போகக்கூடாது. இரண்டும் தேறிய பொருளை 39-ஆம் அத்தியாயத்தின் 2-ஆம் குறிப்பே அங்கிருந்து விலக்கிவிடுகிறது. பாலிஈத்தர் சங்கிலி இருப்பது மட்டும் 3907-க்குப் போதாது.

பிழை பெரும்பாலும் வெப்பநிலையில் நேர்கிறது. அயனிசாரா வகைகள் சூடேறினால் கலங்கும். மேகப்புள்ளி (கரைசல் கலங்கத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்த சரக்கு 20 டிகிரியில் தெளிவாக நிற்கும். சென்னை வெயிலில் 32 டிகிரி அறையில் அதே கரைசல் கலங்கிப்போகும். அதைக் 'கரையவில்லை' என்று எழுதினால் சரக்கு தலைப்பையே இழக்கிறது. சாம்பிள் எடுப்பதிலும் கவனம் தேவை. குளிரில் உறைந்த டிரம்மில் மேலும் கீழும் ஒரே கலவை இருக்காது. 45 டிகிரி வரை சூடாக்கிக் கலக்கிய பிறகே எடுக்கவேண்டும். பரப்பு இழுவிசையை அளவிடும் பிளாட்டின வளையத்தில் முந்தைய சாம்பிள் ஒட்டியிருந்தால், சாதாரண பாலிஎத்திலீன் கிளைக்கால்கூட சர்ஃபேக்டன்ட் போலத் தோன்றும். அது அரசுக்கு இழப்பு. 20 டிகிரியில் காய்ச்சிவடித்த நீர் மீட்டருக்குச் சுமார் 0.0728 நியூட்டன் காட்டுகிறதா என்று முதலில் சரிபார்த்தால் போதும்.

ஆகவே, செறிவு, வெப்பநிலை, காத்திருந்த நேரம், கரைசலின் தோற்றம், பரப்பு இழுவிசை, வெறும் நீரின் அளவீடு ஆகியவற்றை ஒவ்வொரு அறிக்கையிலும் பதியுமாறு சுற்றறிக்கை வெளியிட வேண்டுகிறோம். இவை இல்லாத அறிக்கையை வைத்துத் தலைப்பை மாற்றக்கூடாது. முடிவு வரும்வரை, சுங்கச் சட்டம் 1962, பிரிவு 18-இன்படி பத்திரம் பெற்றுக்கொண்டு தற்காலிக மதிப்பீட்டில் சரக்கை விடுவிக்கவும் உத்தரவிட வேண்டுகிறோம். டெமரேஜ் (சரக்கு தேங்குவதற்கான கட்டணம்) நாள்கணக்கில் ஏறுகிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்