மழை விடுமுறையில் நடந்த வீட்டு வகுப்பு: கை கொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள தாய்மார்களுக்கும், ஆச்சிமார்களுக்கும், அண்ணாச்சிமார்களுக்கும்,

வணக்கம். கார்த்திகை மழைக்குப் பள்ளி விடுமுறை விட்ட அன்று ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை நம் பிள்ளைகள் வீட்டிலேயே உட்கார்ந்து படித்தார்கள். போனிலேயே பாடம் நடந்துவிட்டது என்று ஊருக்குள் பேச்சு. போன் செய்த வேலை கொஞ்சம்தான். மிச்ச வேலையைச் செய்தவர்களுக்குப் பேர் போடாமல், ஆனால் விவரமாக நன்றி சொல்ல இந்த மடல்.

முதலில் முக்கு ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி. புள்ளிக்கோட்டின் மேல் எழுதிப் பழகும் தாளில் ஒரு வில்லங்கம் உண்டு. நகலை வைத்து நகல் எடுத்தால் புள்ளிகள் மங்கிக்கொண்டே போகும். இரண்டு மூன்று சுற்று போனால் 'ஞ'வின் சுழியே தெரியாது. பிள்ளை தெரிந்ததை மட்டும் எழுதி அதுதான் 'ஞ' என்று மனசில் பதித்துக்கொள்ளும். அண்ணாச்சி ஒவ்வொரு கட்டுக்கும் மூலத்தாளையே கண்ணாடியில் வைத்தார், மையையும் அடர்த்தியாக விட்டார். காகித ஸ்கேலுக்கு அளவைச் சரியாக 100 சதவீதத்தில் நிறுத்தினார். அது 97 ஆனால் 15 செ.மீ. ஸ்கேலில் அரை செ.மீ. போல விழுங்கிவிடும், அப்புறம் மூன்றாம் வகுப்பில் யார் அளந்தாலும் தப்பு.

பிள்ளைக்கு ஒரு பாலிதீன் உறை. உள்ளே நாலு தாள், ஒரு காகித ஸ்கேல், வாரியலில் உருவிய ஈர்க்குச்சி 30, ரப்பர் பேண்டு 3, புளியமுத்து 50. வாயை மடித்து ஒட்டியிருந்தோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஊறிப்போன பாடநூல்களை வெயிலில் விரித்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. புளியமுத்தைக் கழுவி, காய வைத்து, ஓட்டை விழுந்ததைப் பொறுக்கி எறிந்து, ஐம்பது ஐம்பதாக எண்ணிக் கொடுத்தது சத்துணவுக்கூடத்து அக்காமார். ஓட்டை விழுந்த முத்துக்குள் வண்டு இருக்கும், உறைக்குள் கிடந்தால் நல்லதையும் துளைத்துவிடும். கைக்குழந்தையும் தவழும் பிள்ளையும் இருக்கிற வீடுகளை அவர்களே நினைவு வைத்து, அங்கே முத்துக்குப் பதில் பெரிய பாட்டில் மூடிகளைப் போட்டார்கள். தொண்டையில் சிக்குகிற சாமான் எந்தப் பாடத்துக்கும் வேண்டாம். இதை அவர்கள் சொல்லித்தான் தாளிலும் சேர்த்தோம்.

உறைகளை வாங்கி வைத்துக் கொடுத்த ரேஷன் கடைக்காரர், பால் சொசைட்டிக்காரர், ஓடைக்கு அந்தப் பக்கத்து டீக்கடை அண்ணாச்சி மூவருக்கும் நன்றி. ஓடையில் தண்ணீர் வந்தால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் துண்டாகிப் போவார்கள், அதனால் முந்தின நாளே அங்கே உறை இருந்தாக வேண்டும்.

இனி போன். பல வீட்டில் ஒரே போன், அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். நேரலை வகுப்பு வைத்தால் அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பே கிடையாது. அதோடு கரண்ட் போனால் டவர் பேட்டரியில் ஓடும், அது இறங்கினால் சிக்னலும் போச்சு. அதனால் குரல்பதிவுகளை முந்தின நாள் இரவே அனுப்பினோம். ஒவ்வொன்றும் 40 விநாடிக்குள், ஒன்றில் ஒரே ஒரு வேலை. நாலு வேலையை ஒரே பதிவில் சொன்னால் சின்னப் பிள்ளைக்குக் கடைசியாகச் சொன்னதுதான் காதில் நிற்கும். ஒரு நிமிஷக் குரல்பதிவு கால் எம்பி கூட வராது, அதே நேரத்துக்கு வீடியோ என்றால் பல எம்பி தின்னும். இரவே கேட்டு, காலையில் போன் இல்லாமலேயே பிள்ளையிடம் திருப்பிச் சொன்ன அம்மாமார்கள்தான் அன்றைக்கு டீச்சர்கள். வாட்ஸ்அப் குழுவை அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றியதற்குக் கோபப்படாத எல்லோருக்கும் நன்றி. காலை வணக்கப் படங்களுக்கு அடியில் பாடம் புதைந்துபோனால் தோண்டி எடுப்பது லேசு இல்லை.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். 2020 ஜூலையில் ஒன்றிய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இன்றைய கல்வி அமைச்சகம்) வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நேரலை வகுப்பு என்றால் 30 முதல் 45 நிமிடம் வரையிலான இரண்டு அமர்வுகளுக்கு மேல் கூடாது என்றிருக்கிறது. 'இவ்வளவுதானா பாடம்?' என்று கேட்ட அப்பாமார்களுக்கு இதுதான் பதில். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு 20 நிமிட வேலை, பிறகு ஓடியாடல், பிறகு இன்னொரு 20. அதற்கு மேல் உட்கார வைத்தால் எழுத்துக் கோணும், அழுகைதான் மிஞ்சும்.

எங்கள் பெரிய நன்றி விடையைச் சொல்லிக்கொடுக்காமல் இருந்தவர்களுக்கு. வேலையிலேயே கஷ்டமான வேலை அதுதான். 'பதினான்கு' என்று சொல்லி எழுதச் சொன்னால் இரண்டாம் வகுப்பில் சில பிள்ளைகள் 104 என்று எழுதும். கவனக்குறைவு என்று அதட்டக் கூடாது. காதில் பத்து விழுகிறது, 10 எழுதுகிறது. நான்கு விழுகிறது, 4 எழுதுகிறது. அதன் கணக்கில் அது சரி. அழித்து 14 என்று நாம் எழுதிவிட்டால் தாள் சுத்தமாக இருக்கும், பிள்ளை அடுத்து 106 எழுதும். தாளின் அடியில் ஒரே ஒரு கேள்வி அச்சடித்திருந்தோம்: 'எத்தனை கட்டு, எத்தனை உதிரி?' பத்து ஈர்க்குச்சியை ரப்பர் பேண்டால் கட்டி இடது கட்டத்தில் வைக்க வேண்டும், நாலு உதிரியை வலது கட்டத்தில். ஒரு கட்டுக்கு 1, நாலு உதிரிக்கு 4. பூஜ்யத்துக்கு அங்கே இடமே இல்லை என்று பிள்ளையின் கையே கண்டுபிடித்துவிடும். கேள்வியைக் கேட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் பத்து எண்ணும் வரை காத்திருந்த ஆச்சிமார்களுக்கு எங்கள் வணக்கம். பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த எங்களுக்கே அந்தப் பொறுமை சில நாள் வராது. பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கி, குழிக்கு ஐந்தாக 14 குழியில் போட்டு, 70 வருகிறதா என்று மூன்றாம் வகுப்பைச் சரிபார்க்க வைத்த ஆச்சிக்குத் தனி நன்றி. அது எங்கள் தாளில் இல்லாத பாடம்.

பீடி சுற்றும் அம்மாமார்கள் இலையும் தூளும் கிடந்த சுளகைப் பட்டாசலிலிருந்து (வீட்டுக் கூடத்திலிருந்து) பின்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, பிள்ளை உட்கார வெளிச்சமான இடத்தை விட்டுக் கொடுத்தார்கள். தூள் பறக்கிற இடத்தில் பிள்ளை உட்காரக் கூடாது, அதைச் சுற்றுகிறவர்களை விட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? நாலாம் வகுப்புக்குக் கால், அரை, முக்கால் வந்தபோது அவர்கள் மனக்கணக்கு உதவியது. 25 பீடி ஒரு கட்டு என்று எண்ணிப் பழகியவர்களுக்கு நூற்றில் கால் 25, அரை 50, முக்கால் 75 என்பது விரல்நுனியில் இருக்கிறது. வேலையை வாய்க்கணக்காக மட்டும் சொல்லி, பிள்ளையைக் கட்டுப் போட விடாமல் பார்த்துக்கொண்டதற்கும் நன்றி.

மழை அளக்கும் வேலையில்தான் அதிகக் குழப்பம். பாத்திரம் அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். கழுத்துக் குறுகிய பாட்டிலை வைத்தவர்களுக்கு அளவு குறைந்தது, இறவாணத்துக்கு அடியில் வைத்தவர்களுக்குக் கூரைத் தண்ணீரும் சேர்ந்து எக்கச்சக்கமாக ஏறியது. திறந்த வெட்டவெளியில், மரத்தை விட்டுத் தள்ளி வைத்தால்தான் கணக்கு. வானிலைத் துறை காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை ஒரு நாளாக எடுக்கிறது, நாமும் அப்படியே எடுத்தோம். இடி இடிக்கும்போது பிள்ளையை வெளியே விடாமல் தாங்களே குடையோடு போய் எடுத்து வந்த தாத்தாமார்களுக்கு நன்றி. ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. சுவரில் 95 செ.மீ. உயரத்தில் கோடு போட்டு, இரண்டாம் வகுப்புப் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். தோள் அளவுக்கு வரும்.

ஒன்றை மட்டும் வீட்டு வகுப்பில் விட்டுவிட்டோம்: சொல்வதை எழுதுதல். நம் பக்கத்துப் பேச்சில் 'பழம்' 'பளம்' ஆகிவிடும், பிள்ளை கேட்டபடிதான் எழுதும். நாக்கு எங்கே மடிகிறது என்று நேரில் காட்டித்தான் ழகரத்தைத் திருத்த முடியும். அது பள்ளிக்கு வந்த பிறகு.

நோட்டைப் படம் எடுத்து அனுப்பிய கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி. வாசல் நடையில் வைத்து, பிளாஷை அணைத்து, போனைச் சாய்க்காமல் எடுத்ததால் பென்சில் எழுத்து தெளிவாக விழுந்தது. குழுவில் போடாமல் வகுப்பு டீச்சருக்குத் தனியாக அனுப்பியதில்தான் அவர்கள் பக்குவம் தெரிந்தது. ஒரு பிள்ளையின் தப்பை ஊரே பார்க்க வேண்டாம்.

மழை இன்னும் மிச்சம் இருக்கிறது. புளியமுத்தையும் ஈர்க்குச்சியையும் டப்பாவில் போட்டு வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எழுதிய தாள்களை, தப்போடு அப்படியே, பள்ளி திறந்ததும் கொடுத்துவிடுங்கள். ரப்பர் பேண்டு தலைமுடிக்குப் போயிருந்தால் கேட்க மாட்டோம்.

நன்றியுடன்,
ஆசிரியர்கள்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி,
தாமிரபரணிக் கரை, திருநெல்வேலி மாவட்டம்