எடை குறைவது நேர்கோட்டில் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் உடல் எடையைக் குறைப்பது பற்றி வெளியான கட்டுரையில், முதல் மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தவர் அதே உணவு முறையைத் தொடர்ந்தால் மூன்று மாதங்களில் பதினைந்து கிலோ குறைந்துவிடுவார் என்று எழுதப்பட்டிருந்தது. முப்பது ஆண்டுகள் பள்ளியில் கணிதம் கற்பித்தவள் என்ற முறையிலும், கடந்த ஒன்றரை ஆண்டில் 86 கிலோவிலிருந்து 72 கிலோவுக்கு இறங்கியவள் என்ற முறையிலும், அந்தப் பெருக்கல் தவறானது என்று தெரிவிக்க விரும்புகிறேன். அதை நம்பித் தொடங்குகிறவர்கள் நான்காம், ஐந்தாம் மாதத்தில் தங்கள் மீதே பழியைப் போட்டுக்கொண்டு முயற்சியைக் கைவிட்டுவிடுகிறார்கள் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலாவதாக, தொடக்கத்தில் குறையும் எடை முழுவதும் கொழுப்பு அல்ல. கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் இருப்பில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் சேர்ந்தே தங்கியிருக்கிறது. சோற்றைக் குறைத்த சில நாட்களிலேயே அந்த இருப்பு கரைய, நீரும் வெளியேறிவிடுகிறது. எனக்கு முதல் பத்து நாட்களில் மூன்று கிலோ குறைந்தபோது வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள். அதில் பெரும்பங்கு நீர் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

அதன் பிறகு வருவதுதான் உண்மையான கணக்கு. ஓய்வாக இருக்கும்போது உடல் ஒரு நாளில் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது என்பதைக் கணிக்க, 1990இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியார் சூத்திரத்தை மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதன்படி எடையில் ஒரு கிலோ குறைந்தால் அன்றாடச் செலவில் பத்து கலோரி குறைகிறது. 155 செ.மீ. உயரமும் 55 வயதும் உள்ள எனக்கு 86 கிலோவில் 1,393 கலோரி என்று வருவது, 72 கிலோவில் 1,253 ஆகிவிடுகிறது. நடையிலும் இதே நிலைதான்: சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் நடக்க, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ அரை கலோரி கூடுதலாகச் செலவாகும் என்பதால், முன்பு நான்கு கிலோமீட்டர் நடையில் 172 கலோரியைச் செலவிட்ட நான் இப்போது அதே தூரத்துக்கு 144 கலோரிதான் செலவிடுகிறேன். பதினான்கு கிலோ அரிசிப் பையைச் சுமந்து நடந்தவர் அதை இறக்கி வைத்துவிட்டு நடந்தால் உழைப்பு குறைவது இயல்புதானே. அடுப்படியில் நிற்பது, மாடி ஏறுவது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், நாளொன்றுக்குச் சுமார் 2,100 கலோரியாக இருந்த என் மொத்தச் செலவு 1,900க்கு இறங்கியிருக்கும். இரண்டு காலத்திலும் நான் உண்டது 1,500 என்றே வைத்துக்கொண்டாலும், 600ஆக இருந்த பற்றாக்குறை 400 ஆகிவிட்டது. ஒரு கிலோ கொழுப்புத் திசுவுக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்ற வழக்கமான கணக்கில், மாதம் இரண்டேகால் கிலோவுக்கு மேல் குறைந்த இடத்தில் ஒன்றரை கிலோதான் குறையும். உணவில் ஒரு கவளம்கூட மாறாத நிலையில் வரும் விடை இது.

இதற்கு மேலும் உடல் சிக்கனம் பிடிக்கிறது. அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் லைபலும் அவருடன் பணியாற்றியவர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், எடையில் பத்து விழுக்காட்டைக் குறைத்து அதே நிலையில் இருந்தவர்கள், அந்தப் புதிய எடைக்கு எதிர்பார்க்கப்படும் அளவைவிடவும் குறைவாகவே ஆற்றலைச் செலவிட்டார்கள்.

ஆனாலும் என்னை மிகவும் யோசிக்க வைத்தது பசியைப் பற்றிய ஆய்வுதான். நீரிழிவுக்குத் தரப்படும் கானாகிளிஃப்ளோசின் என்ற மருந்து சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. இப்படி நாள்தோறும் கலோரி வெளியேறுவதை உட்கொள்பவர் உணர்வதில்லை. அவர்களின் எடை மாற்றத்தைக் கொண்டு டேவிட் பொலிடோரி, கெவின் ஹால் முதலியோர் 2016இல் செய்த கணக்கீட்டின்படி, ஒரு கிலோ எடை குறைந்தால் உடலின் செலவு நாளுக்கு 20 முதல் 30 கலோரி வரை குறைய, பசியோ சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. நூறு கலோரி என்பது பதினொரு கிராம் எண்ணெய். இட்லிப் பொடியில் குழி செய்து ஊற்றும் நல்லெண்ணெய் சாதாரணமாகவே அதைத் தாண்டிவிடும்.

என் அனுபவத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஆறாம் மாதத்தில் எடை அசையாமல் நின்றபோது, நான் பணம் கட்டிச் சென்றுகொண்டிருந்த ஓர் ஊட்டச்சத்து ஆலோசகர், மற்றவர்கள் அமர்ந்திருக்கும் அறையிலேயே, "அம்மா, நீங்கள் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறீர்கள்" என்றார். நான் ஒளிக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் எல்லாவற்றையும் தராசில் நிறுத்து எழுதியபோது, தாளிக்கும் எண்ணெயும் மாலையில் வாயில் போடும் நிலக்கடலையும் நானறியாமலே கூடியிருந்ததைக் கண்டேன். கூடிய பசி கையை மெல்ல நீள வைத்திருக்கிறது. அதைப் பொய் என்று சொல்வது எந்த வகையில் நியாயம்? பசி கூடும், இறக்கம் தளரும், பிறகு அளவையோ நடையையோ மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும் என்பதை முதல் நாளே ஒரு தாளில் வரைந்து காட்டியிருந்தால், அந்த அறையில் நான் தலைகுனிந்து நின்றிருக்க வேண்டியதில்லை.

எடைக் கருவியின் எண்ணை மட்டுமே பார்ப்பவர்களுக்கு இன்னொரு செய்தியும் போய்ச் சேர வேண்டும். மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்து 2006இல் முடிவுகள் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்கள் உணவையும் நடைப்பயிற்சியையும் ஒழுங்குபடுத்திக்கொண்டதால், மூன்று ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களின் எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லாமலேயே இது நடந்தது. எடை நின்றுவிட்டது என்று நடையையும் நிறுத்திவிடும் என் வயதுப் பெண்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். அவர்களுக்கு இதைச் சொல்ல ஆளில்லை.

ஆகவே, அந்தப் பதினைந்து கிலோ கணக்கைத் திருத்தி ஒரு குறிப்பு வெளியிடுமாறும், இனி இத்தகைய கட்டுரைகளைப் பதிப்பிக்கும்போது முதல் மாதத்து எண்ணுடன் ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் என்ன எதிர்பார்க்கலாம் என்பதையும் எழுதச் செய்யுமாறும் அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை.