அந்தக் காகிதப் பொம்மை அழகுதான், ஆனால்

பாப்பா,

மாட்ரிட் ராஸ்ட்ரோ சந்தையில் வாங்கினேன் என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பின ‘பசார்’ என்ற பழைய சிறுமியர் இதழை நேற்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெட்டி உடுத்துகிற காகிதப் பொம்மை, கேக் செய்முறை, பக்கத்திலேயே ஒரு புனிதையின் கதை. “எவ்ளோ க்யூட்மா” என்று எழுதியிருந்தாய். க்யூட்தான். ஆனால் 1947-ல் அதைத் தொடங்கினது ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சியின் ஒரே கட்சியான ஃபலாங்கேயின் பெண்கள் பிரிவு. அதற்கு முன்னாலேயே, 1938-லிருந்து, பிள்ளைகளுக்கென்று ‘ஃப்ளேச்சாஸ் இ பெலாயோஸ்’ வந்துகொண்டிருந்தது, அதன் ஆசிரியர் ஒரு பெனடிக்டைன் துறவி. கட்சியும் கோயிலும் ஒரே அச்சகத்தில்!

கோஷம் போட்டிருந்தால் பிள்ளைகள் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள். பொம்மைக்குச் சட்டை மாட்டும்போது யார் யோசிப்பார்கள்?

அந்தப் பிரிவு காவல் புனிதையாக வைத்திருந்தது பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியக் கன்னியாஸ்திரி அவிலா தெரேசாவை. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அம்மாள் புத்தகம் எழுதினாள், ஊர் ஊராகப் போய் மடங்கள் கட்டினாள், மதக் குற்றம் தேடுகிற திருச்சபை விசாரணை மன்றமே அவளைச் சந்தேகித்தது. அவளைப் பிடித்துத்தான் அடக்கமான வீட்டுப் பெண்ணுக்கு உதாரணம் ஆக்கினார்கள். அழுகாத புனிதப் பொருள் என்று போற்றப்பட்ட அவளுடைய இடது கையை பிராங்கோ சாகும்வரை தன்னோடேயே வைத்திருந்தார், தெரியுமா?

அப்புறம் அந்தப் பிரிவின் தலைவி பிலார் ப்ரிமோ டி ரிவேரா. வீடும் பிள்ளையும்தான் பெண்ணுக்கு எல்லாம் என்று ஊருக்குச் சொன்னவர், தான் மட்டும் கல்யாணமே செய்யாமல் 1934-லிருந்து 1977 வரை அமைப்பை நடத்தினார். ஊருக்குத்தான் உபதேசம்.

பத்திரிகையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதைப் படித்து வளர்ந்த பெண் கல்யாணமாகாதவளாக இருந்தால் அதே பிரிவு நடத்தின ‘சமூக சேவை’யை ஆறு மாதம் செய்தாக வேண்டியிருந்தது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் பட்டமோ பாஸ்போர்ட்டோ ஓட்டுநர் உரிமமோ வாங்க முடியாமல் இருந்தது. கல்யாணமானால் வங்கிக் கணக்கு திறக்கப் புருஷன் அனுமதி, அதுவும் 1975 வரைக்கும். நான் பிறந்த பிறகும்டி! உன்னைத் தனியாக விமானம் ஏற்றிவிட்டவள் நான், அதனால் அந்த பாஸ்போர்ட் விஷயத்தில்தான் மனசு நின்றுவிட்டது.

சரி, அடுத்த ஞாயிறு போனால் இன்னொரு இதழ் வாங்கி வை. பொம்மையைப் பழைய சொந்தக்காரி வெட்டாமல் விட்டிருக்கிறாளா என்று பார்த்து வாங்கு. விலையைக் கொஞ்சம் பேரம் பேசு.

அம்மா