வன்னியும் வேலிகாத்தானும்

கடலூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. மூட்டுவலி குறைந்து மாடி ஏறி இறங்குகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே மழை ஓய்ந்துவிட்டது. காலையில் கெடிலம் கரையில் நடக்கிறேன். பேரனுக்குப் பல் முளைத்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விருத்தாசலம் பக்கம் என் மைத்துனருக்கு நிலம் இருக்கிறதல்லவா? அவர் வரப்பில் ஒரு மரம் நிற்கிறதாம். வன்னிக்கும் வேலிகாத்தானுக்கும், அதாவது சீமைக் கருவேலத்துக்கும், பிறந்தது என்று ஊரே சொல்கிறதாம். கேட்டபின் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மறுநாளே பஸ் ஏறிவிட்டேன்.

முதலில் கோயிலுக்குப் போய்ப் பழமலைநாதரைக் கும்பிட்டேன். அங்கே தல விருட்சமே வன்னிதானே. திருப்பணி செய்தவர்களுக்குக் கூலியாகக் கொடுத்த வன்னி இலை, அவரவர் உழைப்புக்குத் தக்கபடி பொன்னானது என்ற கதை உனக்கும் தெரியும். இலையை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டு வரப்புக்குப் போனேன்.

ஊரார் சொன்னதில் தப்பில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் வன்னி மாதிரிதான் இருந்தது. சிற்றிலைகள் பொடிப்பொடியாக, மேல் கிளைகளில் முள்ளே இல்லாமல். ஆனால் அடிமரத்தில் ஒரு பக்கம் விறகுக்கு வெட்டியிருந்தார்கள். அங்கிருந்து கிளம்பிய துளிர்க் கொம்புகளில் விரல் நீள முள், சிற்றிலையும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரே வேர், ஒரே மரம், நண்பா! உச்சிக் கிளையையும் அடித் துளிரையும் தனித்தனியே கையில் கொடுத்திருந்தால் நானே இரண்டு இனம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

முள் எங்கே முளைக்கிறது என்று பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. வன்னியில் கணுக்களுக்கு நடுவே, தண்டு நெடுகச் சிதறிக் கிடக்கும். இதில் எல்லாம் கணுவிலேயே, இலை தண்டோடு சேரும் இடுக்கில், பெரும்பாலும் ஜோடியாக. காயும் வன்னிக்காய் போல மெல்லிசாக உருண்டு தொங்கவில்லை. தடித்து, மஞ்சளாகி, இனிப்பாக இருந்தது. அசல் வேலிகாத்தான்.

இரண்டையும் நாம் புரோசோபிஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்துப் படித்தோம். அதனால்தான் கலந்திருக்குமோ என்று எனக்கே ஆசையாக இருந்தது. 2022இல் அந்தப் பேரினத்தைப் பிரித்துவிட்டார்கள். வன்னி புரோசோபிஸிலேயே இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேலிகாத்தான் நெல்டுமா என்ற வேறு பேரினம் ஆகிவிட்டது. உறவு அவ்வளவு தூரம்.

அந்த நெல்டுமாக்கள் தங்களுக்குள் தாராளமாகக் கலக்கும். தென்னாப்பிரிக்காவில் கிளாண்டுலோசா, வெலுடினா என்ற இரண்டு நெல்டுமா இனங்கள் கலந்து, எது எது என்று பிரிக்க முடியாதபடி பரவிக் கிடக்கின்றன. நம் ஊர் வேலிகாத்தானுக்கு 56 குரோமோசோம். அதன் பங்காளிகள் பெரும்பாலானவற்றுக்கு 28. அப்படிப்பட்ட ஒன்றோடு சேர்ந்தால் பிள்ளைக்கு 42 வரும். அது நல்ல விதை கட்டுவது கஷ்டம். இதெல்லாம் இலையைத் தடவிப் பார்த்துத் தெரிகிற சங்கதி இல்லை.

வன்னி கலந்து கெடுகிறது என்று இனி யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதற்கு நிற்க இடம்தான் இல்லாமல் போகிறது. எங்கள் பக்கம் அதைப் பெரும்பாலும் கோயிலில்தான் பார்க்கிறேன். வேலிகாத்தானின் காயை ஆடு மாடு தின்று, போகிற இடமெல்லாம் விதை போட்டுவிடுகிறது. திரும்பும்போது பஸ் ஜன்னலில் வழி நெடுக அதுதான். மனசு கனத்துப் போனது.

அப்புறம், உன்னிடம் ஒரு வேலை. ராமநாதபுரத்தில் முள்ளில்லாத மரம் ஒன்று பார்த்ததாக எழுதியிருந்தாயே, அதன் உச்சியிலிருந்து ஒரு கொம்பு, அடியிலிருந்து ஒரு கொம்பு, நாலு காய் எடுத்துச் செய்தித்தாளில் அழுத்தி அனுப்பு. மரம் முன்பு வெட்டுப்பட்டதா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, அதையும் தாளிலேயே எழுதிவிடு. மூட்டைப் பார்த்துக்கொள், மரத்தில் ஏறாதே, தொரட்டியால் இழுத்துக்கொள்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்