அண்ணனுக்கு, நான் புறப்படும் முன்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். நாளை அம்மாவின் நினைவு நாள். கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் கூடியிருப்பார்கள், பேச முடியாது. அதனால் இன்று ராத்திரியே எழுதிவிடுகிறேன். நாலு பேர் வாசிக்கிற இடத்தில் எழுதுவதால் ஊர் பெயரோ ஆள் பெயரோ போடவில்லை. உங்களிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னைப்போல வீட்டில் நிறுத்தப்பட்ட தங்கச்சிகள் நம் சபைகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும்.

வடக்கே மிஷனெரி ஊழியத்துக்குப் போகிறேன் என்று நான் சொன்னதற்கு, "இந்த வயசில என்னம்மா ஊழியம்? முட்டுவலியோட மலை ஏறுவியா? இங்க இருந்தே ஜெபத்தில தாங்கு, போதும்" என்று போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது சொன்னீர்கள். உங்களுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். மதினி இருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஊழியத்திலிருந்து லீவில் வரும்போதெல்லாம் நம் கோயிலில் நீங்கள் பிரசங்கித்தது யாரைப் பற்றி? பார்வோன் முன்னால் போய் நின்றபோது மோசேக்கு 80 வயது, ஆரோனுக்கு 83 என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள். ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது 75. எனக்கு 60தான் ஆகிறது, அண்ணன்.

1986 ஜனவரி கன்வென்ஷன் உங்களுக்கு எந்த அளவு ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை. எனக்கு அந்த மணல்கூட ஞாபகம் இருக்கிறது. கூட்டப் பந்தலில் ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரித்துக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். 1903-ல் பாளையங்கோட்டையில் நம் ஆட்களே மிஷனெரி சங்கம் தொடங்கியதையும், வெள்ளாளன்விளை அசரியா 1909-ல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு மிஷனெரியாகப் போனதையும் பிரசங்கியார் சொல்லி முடித்தார். பிறகு ஏசாயா ஆறாம் அதிகாரம். "யாரை நான் அனுப்புவேன்?" வடக்கே நர்சுகள் இல்லை என்றார். நான் அப்போது நர்சிங் இரண்டாம் வருஷம். யாரும் தள்ளவில்லை, கால் தானாக எழுந்தது.

நீங்கள் கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தீர்கள். "உக்காரு. அம்மாவ யாரு பாக்கிறது?" நர்சிங் சேர்ந்தபோது அப்பா வாங்கித் தந்த வாட்ச்சின் வார் அறுந்து மணலில் விழுந்தது. அப்பா போய் ஏழு மாசம்கூட ஆகவில்லை. குனிந்து துழாவிக்கொண்டிருந்தேன். "வாங்க தம்பி, முன்னால வாங்க" என்று மைக்கில் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் நடந்து போகிறது நீங்கள். கையில் வாட்ச்சும் வாயில் மணலுமாக அழுதேன். அம்மா அதைச் சந்தோஷ அழுகை என்று நினைத்து என் முதுகைத் தடவினாள்.

நீங்கள் ஆண்டவருக்குப் பொய்யாக எழும்பவில்லை. அதை நான் எந்த நாளும் சந்தேகப்பட்டதில்லை. வடக்கே, இப்போதைய ஜார்கண்டில் இருக்கிற ராஜ்மகால் மலையில் மால்தோ மொழி பேசுகிற பழங்குடி ஜனங்களோடு நீங்கள் கழித்த வருஷங்களுக்காக ஒவ்வொரு ராத்திரியும் முழங்கால் போட்டிருக்கிறேன். மணல் ஈ கடித்து வருகிற காலா அசார் காய்ச்சலில் மண்ணீரல் வீங்கி வயிறு உப்பிய ஒரு பையனைப் பற்றி ஒருமுறை எழுதியிருந்தீர்கள். தினமும் ஊசி போட வேண்டிய வைத்தியம் அது. ஊசி போட ஆள் இல்லாமல் பாதியில் நின்றுபோய் பையன் செத்துப்போனான் என்று எழுதியிருந்தீர்கள். ஊசி போடத் தெரிந்த கை இங்கே இருந்தது. அந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாமல் மடித்து வைத்துவிட்டேன்.

அம்மா கடைசியாகப் படுத்தபோது உங்களுக்கு உடனே சொல்லாதது என் தப்பு. "ஊழியத்தில இருக்கிறவன கூப்பிடாத" என்று அம்மாதான் சொன்னாள், அது உண்மை. ஆனால் மூன்று நாள் போனைத் தொடாமல் இருந்தது அதற்காக மட்டும் இல்லை. நான் ஒருத்தியாகப் பார்த்தது ஒருத்தியாகவே முடியட்டும் என்று ஒரு வீம்பு. நீங்கள் வந்து சேர்ந்தபோது பெட்டியை மூடியாகிவிட்டது. மன்னித்துவிடுங்கள். ஆனால் அந்த மூன்று நாளும் நான் தூங்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

என் கலியாணப் பேச்சு ஏன் நின்றது, வீட்டுப் பத்திரம் யார் பெயரில் எழுதப்பட்டது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். உங்களுக்குத் தெரியும்.

திராட்சத்தோட்டத்து உவமையில் பதினோராம் மணி வேளையில், அதாவது வேலை முடியப்போகிற நேரத்தில் வந்தவர்களை எஜமான், "நீங்கள் பகல் முழுவதும் இங்கே சும்மா நிற்கிறதென்ன?" என்று கேட்பார். அந்த வசனம் வரும்போது என் முகம் சூடாகும். நான் சும்மா நிற்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்துவிட்டு வந்து அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்து, படுக்கைப்புண் வராமல் நாலு வருஷம் காப்பாற்றினேன். அதுவும் அழைப்புத்தான் என்று இப்போது நம்புகிறேன். ஆனால் அதற்காக யாரும் என் தலையில் கை வைத்து ஜெபிக்கவில்லை. சபை அறிக்கையில் அது ஒரு வரிகூட வரவில்லை. இந்த 40 வருஷத்தில் அந்தப் பந்தல் சத்தம் ஒருநாளும் நிற்கவும் இல்லை.

ஆகவே போகிறேன். நீங்கள் இருந்த அதே மலையடிவாரத்துக்குத்தான். காலா அசாருக்கு இப்போதெல்லாம் ஒரே டோஸ் டிரிப் மருந்து வந்துவிட்டது. கிராமம் கிராமமாகப் போய்க் காய்ச்சல்காரர்களைக் கண்டுபிடித்துக் கூட்டி வர ஆள்தான் வேண்டும் என்கிறார்கள். முட்டிக்கு பெல்ட் வாங்கிவிட்டேன். உங்கள் பழைய மால்தோ மொழி நோட்டைக் கொடுங்கள், ரயிலில் படிப்பேன்.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு நம் சபை ஐயர் எனக்காக ஜெபிக்கிறார். நீங்களும் முன்னால் வந்து என் தலையில் கை வையுங்கள், அண்ணன். உங்கள் கை இல்லாமல் போக எனக்கு மனசு இல்லை.

அம்மா கல்லறைக்கு வெள்ளை அடிக்கிற வேலை இனி உங்களுடையது. அடுப்படியில் அம்மாவின் பிடி அரிசிப் பானை இருக்கிறது. இப்போது இரண்டு பக்காப் படி அரிசி இருக்கும், ஞாயிறு கோயிலில் சேர்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு உலைக்கும் ஒரு பிடி எடுத்துப் போடுங்கள். மதினியிடம் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். நீங்களே போடுங்கள்.

உங்கள் தங்கச்சி