பின்கட்டு வேலைக்கு ஓர் அரிவாள்

காரைக்குடி,
கார்த்திகை 12

அன்புள்ள மாப்பிள்ளை,

பின்கட்டுப் புதரை வெட்ட ஒரு நீளக் கத்தி வாங்கலாமா என்று படத்தோடு நீ கேட்ட கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் போடாததற்குக் காரணம் உண்டு. சாவி என்னிடம் இருக்கிறதே தவிர, மழைக்கு அப்புறம் உன் வீட்டுப் பக்கம் நான் போகவே இல்லை. நேரில் பார்க்காமல் யோசனை சொல்வது சரியில்லை என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கொத்தமங்கலம் போய் வந்தேன்.

முகப்பும் உள்முற்றத்து வளவும் நன்றாகத்தான் இருக்கின்றன. பின்கட்டுதான் கவலை. கிணற்றடியைச் சுற்றிச் சீமைக்கருவேல் ஆள் உயரத்துக்கு மேல் மண்டிவிட்டது. வேம்பின் ஒரு கிளை அடுப்படிக் கூரை மேல் சாய்ந்து கிடக்கிறது. நாலைந்து நாட்டு ஓடு நகர்ந்து, தண்ணீர் உள்ளே இறங்கி, சுண்ணாம்புப் பூச்சில் ஒரு முழ அகலத்துக்குப் பச்சை படிந்திருக்கிறது. உங்கள் அப்பச்சி எவ்வளவு ஆசையாகப் பார்த்துக்கொண்ட சுவர் அது! தை மாதம் முன்னோருக்குப் போடும் படைப்புக்குப் பங்காளிகள் எல்லோரும் வரும்போது அடுப்பு அங்கேதான் போட்டாக வேண்டும். நீ சொன்னது போல் அதற்குள் சுத்தம் செய்தாக வேண்டும்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய படத்தை நாலு தடவை பார்த்தேன். இரண்டடி நீளம், நேரான அலகு, கறுப்புப் பூச்சு, பிடியில் வாள் மாதிரி விரல் காப்பு. விலையும் குறைவு. அதை வாங்காதே, மாப்பிள்ளை.

நீ நீளமானது வேண்டும் என்று கேட்டதில் நியாயம் இருக்கிறது. கருவேல முள் உள்ள இடத்தில் கை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நம்மூர் வெட்டரிவாளோடு புதருக்குள் நுழைந்தால் முழங்கை வரை கிழித்துவிடும். அந்த முள் உள்ளே ஒடிந்தால் சீழ் வைக்காமல் போகாது. விரல் தடிமன் கொப்புகளுக்கு நீளமான, மெல்லிய அலகுதான் ஏற்றது. வீச்சில் முனை வேகமாக வரும், வேகத்தில்தான் பச்சைக் கொப்பு அறும். ஆகவே நீளம் கேட்பது தப்பில்லை. வாள் மாதிரி இருப்பதையெல்லாம் வாளாக நம்புவதுதான் ஆபத்து.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானே ஏமாந்தேன். உன்னிடம் இதைச் சொல்லியிருக்கிறேனா என்று நினைவில்லை. ஒரு பொருட்காட்சியில் பளபளவென்று ஒரு நீளக் கத்தி வாங்கி வந்தேன். துருப்பிடிக்காது, தோட்ட வேலைக்கு ஆகும் என்று விற்றவர் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் பூவரசங்கிளை ஒன்றில் போட்டேன். முதல் வெட்டு நன்றாக இறங்கியது. இரண்டாவது வெட்டில் பிடி கைக்குள் லேசாக ஆடியது. நான் அதைச் சட்டை செய்யவில்லை. மூன்றாவது வெட்டில் கையில் பிடி மட்டும் இருந்தது. அலகு சுழன்று போய்த் துவைகல்லில் மோதி விழுந்தது. அந்தக் கல்லில்தான் என் பேரன் அரை நிமிடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். இன்றைக்கும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது.

பிடியைப் பிளந்து பார்த்தேன். உள்ளே பென்சில் பருமனில் ஒரு கம்பி. அதை அலகின் அடியில் ஒரு பொட்டு பற்றவைத்திருக்கிறார்கள். பற்று வைத்த இடத்தில் கம்பி சாக்பீஸ் மாதிரி முறிந்திருந்தது. உள்புறம் சாம்பல் நிறத்தில் மணல் மணலாக இருந்தது. வெட்டும்போது வருகிற அதிர்வு முழுக்க அந்த ஒரு இடத்தில்தான் போய்ச் சேர்கிறது. எத்தனை நாள் தாங்கும்? அதோடு, எவர்சில்வர் வகை இரும்பு சமையல் கத்திக்குச் சரி. இரண்டடி நீளத்தில் அடி வாங்கும் வேலைக்குச் சாதாரணக் கரி எஃகுதான் வேண்டும். அது துருப்பிடிக்கும், ஆனால் வளைந்து நிமிரும்.

ஆகவே முதல் விதி இதுதான்: அலகின் இரும்பு பிடியின் கடைசி வரைக்கும் அதே அகலத்தில் போக வேண்டும். பிடிக்கட்டை இரண்டு பக்கமும் ஒட்டி, ஊடே மூன்று ஆணி அடித்திருக்க வேண்டும். பிடியின் ஓரத்தில் இரும்பின் விளிம்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். நம்மூர் அரிவாளில் காம்பைப் பழுக்கக் காய்ச்சிக் கட்டைக்குள் இறக்கிப் பூண் போடுகிறார்களே, அது ஒரு அடி அலகுக்குப் போதும். நீளம் கூடினால் அந்தக் காம்பை நம்ப முடியாது.

அப்புறம் நீளத்தையும் தடிமனையும் சேர்த்து யோசி. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிரேசில், எல் சால்வடார் பக்கம் கரும்புக் காட்டில் வீசுகிற மச்செட்டி என்கிற நீளக் கத்தி இரண்டு மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். அதனால்தான் அவர்களால் அதை நாள் முழுக்க வீச முடிகிறது. நம் பட்டறை அரிவாள் நாலைந்து மில்லிமீட்டர் கனம், ஆனால் குட்டை. அந்தக் கனத்தை இரண்டடிக்கு இழுத்தால் ஒரு கிலோவுக்கு மேல் போய்விடும், பத்து வெட்டில் மணிக்கட்டு விட்டுப்போகும். நம் இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது, மாப்பிள்ளை. கம்பெனிச் சரக்குதான் வேண்டும் என்றால், பிரேசிலில் 1911 முதல் இருக்கிற டிராமொன்டினா மாதிரி, விவசாய வேலைக்கென்றே செய்கிறவர்களுடைய 18 அங்குலக் கரி எஃகு மச்செட்டியைத் தேடு. வாள் வடிவம், கத்தானா என்கிற ஜப்பானிய வாள் வடிவம் என்று விற்பதைத் தொடாதே.

ஆனால் கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாக, அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி இருக்கிற மாவட்டத்துக்கு வெளிநாட்டு அரிவாள் எதற்கு? போன வருடம் நான் மதுரை போகும்போது மானாமதுரை வழியாகச் சுற்றிக்கொண்டு அங்கே இறங்கினேன். ஒரு பட்டறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கருப்பருக்கு நேர்த்திக்கடனாக ஆளுயர அரிவாள் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. பார்க்கக் கம்பீரம். அதைத் தொட்டுக் காட்டி, "இது சாமிக்கு, தகடு. வெட்டுவதற்கு இது" என்று ஆசாரி தரையில் கிடந்த லாரி பட்டையைக் காலால் தள்ளிக் காட்டினார். எனக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

லாரி பட்டை என்றால் வண்டிக்கு அடியில் இருக்கிற வில் தகடு. பாரத்தோடு வளைந்து நிமிர்வதற்கென்றே செய்த எஃகு. அதைக் காய்ச்சி அடித்து அலகாக்குகிறார்கள். எல்லாம் அடித்து முடித்த பின், தண்ணீரில் முக்கி இரும்பை உறுதியேற்றுகிற தோய்ச்சல் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வாய்ப்பக்கம், அதாவது கூர்ப்பக்கம் மட்டும் செக்கச் சிவந்ததும் தண்ணீரில் ஒரு முக்கு. வெளியே எடுத்துச் செங்கல்லால் இரண்டு தேய்ப்பு. இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. முதுகில் தங்கிய சூடு மெதுவாக வாய்க்கு இறங்க இறங்க, அந்த வெள்ளையில் நிறம் ஓடியது. முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, அப்புறம் கத்தரிப்பூ நிறம். அது நீலமாகத் திரும்பப் போகிற நேரத்தில் மறுபடி தண்ணீர். மஞ்சளிலேயே நிறுத்தினால் வாய் தெறித்துப் போகும், நீலம் கடந்துவிட்டால் கூர் நிற்காது. ஆசாரி கையில் கருவி எதுவும் இல்லை, கண்தான். இந்த வேலை தெரிந்தவருக்கு நாம் கொடுக்கிற காசு எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் வாங்கியதற்குப் பிடியோடு சேர்த்து எண்ணூறு ரூபாய் ஆயிற்று.

உனக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான்: வளைந்த மூக்கு வேண்டாம், நேராக, முனை மழுங்கலாக, அலகு 16 அங்குலம், முதுகு மூன்று மில்லிமீட்டருக்கு இழைத்து, பிடியில் முழு இரும்பு ஓட, மூன்று ஆணி. முனை மழுங்கலாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கூர்முனை கொப்பு வெட்ட உதவாது, கல்லில் பட்டால் முதலில் உடைவதும் அதுதான். இன்னொரு காரணம் சட்டம். 1959 ஆயுதச் சட்டத்தின்படி வாளும், ஒன்பது அங்குலத்துக்கு மேல் அலகு நீண்ட கத்திகளும் ஆயுதக் கணக்கில் வரும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்றே செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. 2021-இல் நம் மாநிலப் போலீஸ் பட்டறைக்காரர்களை அழைத்து, வாங்குகிறவர் பெயர், முகவரி, எதற்கு வாங்குகிறார் என்பதை எழுதி வைக்கச் சொன்னது. பட்டறையில் என் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. ஆனால் வாள் வடிவத்தில் ஒன்றைக் காரில் வைத்துக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து நீ வருவதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அரிவாள் அரிவாளாகவே இருக்கட்டும், சாக்கில் சுற்றி டிக்கியில் இருக்கட்டும்.

வாங்கும்போது நான் இரண்டு சோதனை செய்வேன். முனையைக் கட்டையில் ஊன்றி இரண்டு விரற்கடை வளைத்து விடுவேன். நேராகத் திரும்ப வேண்டும், வளைவு தங்கினால் தோய்ச்சல் சரியில்லை. அடுத்து, பிடியை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, அலகின் முதுகில் விரல் கணுவால் தட்டிக்கொண்டே முனைப்பக்கம் போவேன். எல்லா இடத்திலும் விரலில் அதிர்வு தெரியும். முனையிலிருந்து கொஞ்சம் உள்ளே ஓரிடத்தில் மட்டும் அதிர்வே வராது. வெட்டு விழ வேண்டிய இடம் அது. என் அரிவாளில் அந்த இடத்தில் ஒரு பொட்டுப் பெயிண்ட் வைத்திருக்கிறேன். அந்தப் பொட்டு கிளையில் படுகிற மாதிரி நின்று வெட்டினால் கை வலிப்பதில்லை.

செக்ரியில், அதாவது இங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், இருந்த முப்பது வருடமும் துருவோடுதான் எனக்கு வாழ்க்கை. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் கடல் காற்றில் மாட்டி வைத்த இரும்புத் துண்டுகளைக் கணக்கெடுக்கப் போவோம். அதனால் இதை அடித்துச் சொல்வேன்: கறுப்புப் பூச்சை நம்பாதே, வாய்ப்பக்கம் முதல் சாணையிலேயே போய்விடும். வேலை முடிந்ததும் மரப்பாலையும் கை வேர்வையையும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணி, பிறகு ஒரு சொட்டு விளக்கெண்ணெய். அவ்வளவுதான். தோலுறையில் போட்டு வைக்காதே, தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். கூர் போனால் சாணைக்காரரிடம் கொடுக்காமல் எட்டங்குலத் தட்டை அரத்தால் நீயே இழுத்துக்கொள். மோட்டார் சாணையில் வாய் நீலம் பாய்ந்தால் ஆசாரியின் தோய்ச்சல் அத்தனையும் வீண்.

கடைசியாக வேலை. இரண்டு விரல் கனம் வரைக்கும் அரிவாள், அதற்கு மேல் ரம்பம். ஓட்டு மேல் கிடக்கும் வேப்பங்கிளையை நீ தொட வேண்டாம், அதற்கு ஆள் வைத்துக் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும், நானே ஏற்பாடு செய்கிறேன். கொப்பு வெட்டும்போது முதலில் அடியில் ஒரு கொத்து, அப்புறம் மேலிருந்து சாய்வாக ஒரு வெட்டு. இல்லாவிட்டால் பட்டை தண்டு வரைக்கும் உரிந்துவிடும். கருவேலைத் தரையோடு வெட்டப் பார்க்காதே. உங்கள் கிணற்றடி முழுக்கச் செம்புறாங்கல், ஒரே வெட்டில் வாய் பல் பல்லாகிவிடும். ஒரு முழம் விட்டு வெட்டு. தூரை நான் ஆள் வைத்துத் தோண்டிவிடுகிறேன், விட்டால் அடுத்த மழைக்கே மறுபடி தழைக்கும்.

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி மழைக்குக் கூடியிருக்கிறது. வீட்டில் உன்னை அதிகம் விசாரித்தார்கள். உங்கள் ஆச்சியைப் போன திங்கட்கிழமை சந்தையில் பார்த்தேன். தம்பி எப்போது வருகிறான் என்று இரண்டு தடவை கேட்டார்கள். அவர்களுக்கும் ஒரு வரி எழுது.

அடுத்த சனிக்கிழமை மறுபடி திருப்பாச்சேத்தி போகிறேன், உனக்கும் ஒன்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். ஒன்று மட்டும் செய். வெள்ளைத்தாளில் வலது கையை விரித்து வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. ஆசாரி பிடிக்கட்டையை அந்த அளவுக்கே செதுக்கித் தருவார். வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்