தோள் அளவை அனுப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய வீடியோவைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். நியூயார்க்கில் வேலை முடிந்ததும் வோக்கிங் வகுப்புக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது ஏதோ உடற்பயிற்சி என்று நினைத்துக்கொண்டேன். வீடியோவைப் பார்த்த பிறகுதான் வோக்கிங் என்பது ஓர் ஆட்டம் என்று புரிந்தது. இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. பக்கத்து வீட்டு அக்காவின் மகளைக் கூட உட்கார வைத்து, அவள் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன்.

முதலில் அமெரிக்கப் பாடகி மடோனாவின் ‘வோக்’ பாட்டைப் போட்டுக் காட்டினாள். 1990-இல் வந்த கறுப்பு வெள்ளை வீடியோ. வேறொரு பாட்டின் ரெக்கார்டில் பின்பக்கத்துக்கு என்று தொடங்கியதாம். அந்த மே மாதமே அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்து, மூன்று வாரம் அங்கேயே இருந்திருக்கிறது. கேட்டால் நமக்கே கால் தானாகத் தாளம் போடுகிறது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆட்டம் அந்த அம்மாவுடையது இல்லையாமே. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பினத்து, லத்தீன் பிள்ளைகள் இரவு முழுக்க நடத்திய போட்டிகளில் பிறந்தது. தன்பால் ஈர்ப்புள்ள பையன்கள், திருநங்கைகள். பத்திரிகையில் மாடல்கள் நிற்கும் நிலைகளைத் தாளத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாக நின்று காட்டியே போட்டி போட்டிருக்கிறார்கள். பெண் வேடமிடுபவர்களுக்கான அழகிப் போட்டிகளில் கறுப்பினத்தவருக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று கோபப்பட்டு வெளியேறிய கிரிஸ்டல் லபேஜா என்பவர் 1970களின் தொடக்கத்தில் தன் பெயரிலேயே ஒரு ‘ஹவுஸ்’, அதாவது குடும்பம் போல ஒரு குழு, தொடங்கினாராம். அதைப் பார்த்து மற்றவர்களும் தொடங்கியிருக்கிறார்கள். பெற்றவர்கள் துரத்திவிட்ட பிள்ளைகளுக்கு அங்கே ஒருவர் அம்மா. ‘மதர்’ என்றே கூப்பிடுகிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் கொஞ்ச நேரம் ஃபோனை மூடி வைத்துவிட்டேன், தம்பி.

அப்புறம் வில்லி நிஞ்ஜா என்ற வோக்கிங் ஆட்டக்காரரைப் பார்த்தேன். ‘பாரிஸ் இஸ் பர்னிங்’ என்ற ஆவணப்படத்தில் வருகிறார். உள்ளங்கையை பவுடர் டப்பா போல விரிக்கிறார். கையில் ஒன்றுமே இல்லை, ஆனால் டப்பா நம் கண்ணுக்குத் தெரிகிறது! அதைப் பார்த்துத் தன் முகத்துக்கு நிதானமாக ஒப்பனை செய்துகொள்கிறார். பிறகு அதே கையை எதிராளி பக்கம் திருப்புகிறார். ‘உன் முகத்தைக் கண்ணாடியில் பார், அதற்குத்தான் ஒப்பனை தேவை’ என்று அர்த்தம். ஒரு வார்த்தை பேசாமல், யார்மேலும் கை படாமல் சண்டை முடிந்துவிடுகிறது. அவர் ஆடுவதை அவருடைய அம்மா தடுக்கவில்லையாம். சின்ன வயதிலேயே ஹார்லெமில் இருக்கும் அப்போலோ தியேட்டருக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

நான் என்ன செய்தேன் என்பது உனக்கும் நினைவிருக்கும். நீ பத்தாம் வகுப்பு. பீரோக் கண்ணாடி முன்னால் நின்று மணிக்கட்டை வளைத்து ஆடிக்கொண்டிருந்தாய். அப்பா கத்தினார். நான் கத்தவில்லை, ஒரு பழைய புடவையை எடுத்துக் கண்ணாடிமேல் தொங்கவிட்டேன். அதன் பிறகு இந்த வீட்டில் நீ ஆடவே இல்லை. தப்பு என்னுடையதுதான், கண்ணா. அப்பாவைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் மனதில் நிற்கிறது. மடோனாவின் அந்தப் பாட்டில் ஒரு ஊதுகருவியின் சத்தம், வெறும் 0.23 விநாடி, வேறொரு பழைய பாட்டிலிருந்து எடுத்தது என்று வழக்குப் போட்டிருக்கிறார்கள். கேட்பவர்கள் அடையாளம் கண்டுகொள்ள முடியாத அளவு சின்னது, குற்றமில்லை என்று 2016-இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு. கால் விநாடி சத்தத்துக்குக் கணக்குக் கேட்க நீதிமன்றம் இருக்கிறது. ஒரு முழு ஆட்டத்தை உண்டாக்கிய பிள்ளைகள் எங்கே போய்க் கணக்குக் கேட்பார்கள்? பாட்டில் பதினாறு நட்சத்திரங்களின் பெயர் வருகிறது. ஹார்லெமின் பெயர் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் எக்ஸ்ட்ராவகான்ஸா ஹவுஸைச் சேர்ந்த ஹோசே, லூயிஸ் என்ற இரண்டு பையன்களை மடோனா அந்த வீடியோவில் ஆடவைத்து, உலகம் முழுக்கத் தன்னோடு மேடையேற்றியிருக்கிறார். அதையும் சொல்லத்தான் வேண்டும். எய்ட்ஸ் கொத்துக் கொத்தாகப் பிள்ளைகளைக் கொண்டுபோன காலம் அது. வில்லி நிஞ்ஜாவும் அந்த நோயால்தான் 2006-இல், 45 வயதில் போய்விட்டார்.

நீ யாரிடம் கற்றுக்கொள்கிறாயோ அவர்களிடம் அம்மாவின் வணக்கத்தைச் சொல். அவர்களுக்கு முன்னால் ஆடியவர்களின் பெயர்களையும் கேட்டு எழுதி வை. எனக்கும் அனுப்பு.

அடுத்த மாதம் போட்டி என்றாய். சட்டையை நான் தைத்து அனுப்புகிறேன். வீடியோவில் நீ கையைத் தூக்கும்போதெல்லாம் சட்டை இடுப்புக்கு மேலே ஏறிவிடுகிறது. கைக்குழியை ரொம்பக் கீழே இறக்கி வெட்டியிருக்கிறார்கள். நான் கைக்குழியை ஏற்றி வெட்டி, அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைக்கிறேன். எவ்வளவு தூக்கினாலும் சட்டை இருந்த இடத்தில் இருக்கும். மார்பு, இடுப்பு, கை நீளம் மூன்றையும் அங்குலத்தில் அனுப்பு. தோள் அளவை மட்டும் நீயே எடுக்காதே, சரியாக வராது. கூட ஆடுகிறவர் யாரையாவது பின்னால் நின்று எடுக்கச் சொல்.

அன்புடன்,
அம்மா